90 சோடி சப்பாத்து திரும்பி வந்த கதை



புறக்கோட்டையில் எங்கள் வாப்பாவின் சாரக்கடையில் ஒரு காலத்தில் 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்பட மாட்டாது' என்றொரு பலகை தொங்கியது. அதை எழுதுவித்துத் தொங்கவிட்டவன் நான்தான். அக்கம் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் இருந்தது, நமது கடையிலும் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அந்நாட்களில் கிழக்கு மாகாணத்து ஊரொன்றிலிருந்து ஒரு ஹாஜியார் மாதா மாதம் எங்களிடம் சாரம் எடுப்பார். கடைக்கு வந்து போவது வருடத்தில் ஓரிரு முறைதான். மற்றபடி கடிதம் வரும், அல்லது தொலைபேசியில் சொல்வார். நாங்கள் கட்டி லொறியில் ஏற்றி விடுவோம். ஒரு முறை போன கட்டில் இரண்டு டசின் சாரம் முதல் கழுவலிலேயே சாயம் போய்விட்டது. அவர் அவற்றைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். வாப்பா அந்தக் கிழமை கடையில் இல்லை. நான் பலகையில் எழுதியிருந்ததைத் தொலைபேசியிலேயே அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாத முடிவில் கணக்கைச் சதம் பாக்கியில்லாமல் தீர்த்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஓடர் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து வாப்பா கொப்பியைப் புரட்டிப் பார்த்து, இந்த ஹாஜியாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வாப்பா கதிரையில் ஏறிப் பலகையைக் கழற்றி எடுத்தார். பிறகு, "அவர் சாமானைப் பார்த்து வாங்கவில்லை மகன், நம்மளை நம்பித்தான் வாங்கினார்" என்று மட்டும் சொன்னார்.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. கடை இல்லாமல், கைத்தொலைபேசியில் படம் போட்டு, ஓடர் எடுத்து, பார்சல் கட்டி அனுப்பும் வியாபாரத்தில் எமது இளைஞர்களும் சகோதரிகளும் இன்று பெருமளவில் இறங்கியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விடயம். ஆனால் படத்தில் பார்த்தது ஒன்று, பார்சலில் வந்தது ஒன்று என்ற முறைப்பாடும் கூடவே வருகிறது. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கும் இந்த வியாபாரம் புதியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாக அதையே குடும்பத் தொழிலாகச் செய்து வரும் ஒரு கம்பனி அமெரிக்காவில் இருக்கிறது. அதன் வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய உள்ளன. அந்தக் கம்பனியும் செய்து பார்த்துப் பின்னர் கைவிட்ட ஒன்றும் அதில் உண்டு.

முதலீடு ஒரு பெயர்ப் பட்டியல்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்றொரு மாநிலம் உள்ளது. காடும் குளிரும் நிறைந்த இடம். அங்கு 1872இல் பிறந்தவர் லியோன் லியோன்வூட் பீன். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஃபிரீபோர்ட் என்ற சிற்றூரில் தன் சகோதரரின் உடுப்புக் கடையோடு ஒட்டி வாழ்ந்த அவருக்கு வேட்டையில்தான் மனம். 1911இல் காட்டுக்குப் போய் நனைந்து விறைத்த கால்களோடு வீடு திரும்பினார். முழுத் தோல் சப்பாத்து நனைந்தால் பாரம், முழு இறப்பர் சப்பாத்து நடக்கக் கஷ்டம். அடிப்பாகத்தை இறப்பராலும் மேற்பாகத்தைத் தோலாலும் செய்தால் என்ன என்று யோசித்து, ஊர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு தைத்துப் பார்த்தார். நன்றாக வந்தது.

இதுவரை இது ஒரு கண்டுபிடிப்பின் கதைதான். வியாபாரமானது அடுத்த வேலையால். ஃபிரீபோர்ட்டில் இருந்த சனத்தொகைக்கு இந்தச் சப்பாத்தை விற்றால் ஒரு பருவத்தோடு கதை முடிந்திருக்கும். பீன் வேறு விதமாக யோசித்தார். வெளி மாநிலங்களிலிருந்து மேய்னுக்கு வேட்டைக்கு வருபவர்கள் அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்களின் பெயர் விலாசப் பட்டியலை அவர் பெற்றுக்கொண்டார். 1912இல் மூன்று பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சடித்து அவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்.

இதில் உள்ள நுட்பத்தை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரும் வேட்டைக்காரர். ஒவ்வொருவரும் காசு செலவழித்து வெளியூர் வரக் கூடியவர். ஒவ்வொருவரின் காலும் மேய்ன் காட்டில் நனைந்திருக்கும். ஆயிரம் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு விளம்பரம் அனுப்புவதை விட, சாமான் தேவைப்படும் நூறு பேரின் விலாசம் கையில் இருப்பது பெறுமதியானது. தபால் வியாபாரத்தில் கட்டடமும் தளபாடமும் பின்னர் வருபவை, முதலில் வேண்டியது பெயர்ப் பட்டியல். இன்றும் அப்படித்தான். ஒரு முறை உங்களிடம் வாங்கியவரின் பெயர், ஊர், எடுத்த சாமான், அளவு ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பலரிடம் அது தொலைபேசிக்குள் சிதறிக் கிடக்கிறது. தொலைபேசி பழுதானால் வியாபாரமும் போய்விடுகிறது.

நூறில் தொண்ணூறு

பிரசுரத்தில் பீன் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார். சப்பாத்து திருப்தி தராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்பது அது. அதை நம்பிப் பலர் பணம் அனுப்பினார்கள். முதல் 100 சோடி போனது.

அவற்றில் 90 சோடி திரும்பி வந்தது. இறப்பரையும் தோலையும் சேர்த்த தையல் இறப்பரைக் கிழித்துக்கொண்டு பிரிந்துவிட்டது.

புதிதாகத் தொழில் தொடங்கிய ஒருவருக்கு இது எத்தகைய அடி என்பது நமக்குத் தெரியும். பணம் வந்தாகிவிட்டது. அது தோலுக்கும் கூலிக்கும் முத்திரைக்கும் செலவாகியும் விட்டது. வாங்கியவர்கள் எல்லாம் தூரத்தில் இருப்பவர்கள், கடை வாசலுக்கு வந்து சத்தம் போடப் போவதில்லை. வாக்குறுதியை மறந்துவிட்டு வேறு தொழில் பார்த்திருக்கலாம். பீன் கடன் வாங்கினார். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பெரிய இறப்பர் கம்பனியொன்றை அணுகி, பாரம் குறைந்த, தையலைத் தாங்கக்கூடிய அடிப்பாகம் செய்வித்தார். மீண்டும் பிரசுரம் அச்சடித்துத் தபாலில் போட்டார். அந்த இறப்பர்-தோல் பூட்ஸ் இன்றுவரை அக்கம்பனியின் அடையாளமாக இருக்கிறது. இன்றும் அதை மேய்ன் மாநிலத்திலேயே தைக்கிறார்கள். அடிப்பாகம் தேய்ந்தால் திருப்பி அனுப்பிப் புது அடிப்பாகம் போட்டுக்கொள்ளவும் முடியும்.

90 பேருக்குப் பணம் திரும்பியபோது பீன் நட்டப்பட்டது உண்மை. ஆனால் அந்த 90 பேரும் ஒரு விடயத்தை அறிந்துகொண்டார்கள். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரிடம் பணம் அனுப்பினால், சாமான் சரியில்லாதபோது அது திரும்பி வரும் என்பதே அது. வேட்டைக்காரர்கள் கூடியிருந்து கதைப்பவர்கள். இந்தச் செய்தியைக் காசு கொடுத்துப் பரப்ப முடியாது.

1916 அளவில் பீன் தன் கடைச் சுவரில் ஓர் அறிவித்தல் வைத்தார். சாமான் தேய்ந்து முடியும் வரை பாவித்த பிறகும் வாடிக்கையாளர் திருப்தியோடு இருந்தால்தான் விற்பனை முடிந்ததாகத் தாம் கருதுவதாக அதில் எழுதியிருந்தார். நான் தொங்கவிட்ட பலகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வெட்கப்பட்டதுண்டு.

தபாலகத்துக்கு மேலே ஒரு தொழிற்சாலை

நல்ல சாமானும் நல்ல பெயரும் இருந்தால் மட்டும் போதாது. கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும். பீனுக்கு அதுவும் நேரத்தோடு வந்தது. அமெரிக்கத் தபால் திணைக்களம் 1913 ஜனவரி முதலாம் திகதி பார்சல் தபால் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் அங்கு நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட பொதிகளைத் தனியார் கம்பனிகள் மூலமே அனுப்ப வேண்டியிருந்தது. புதிய சேவையில் ஆரம்பத்தில் 11 இறாத்தல் வரை அனுப்பலாம் என்றிருந்தது, பின்னர் எல்லை உயர்த்தப்பட்டது. கிராமத்து வீட்டு வாசலுக்கும் சாமான் போகத் தொடங்கியது. பீன் தொடங்கியதற்கு அடுத்த வருடமே இது நடந்தது அவருக்குப் பெரிய வாய்ப்பு.

வாய்ப்பை அவர் பயன்படுத்திய விதம் கெட்டித்தனமானது. ஃபிரீபோர்ட் தபாலகம் இருந்த கட்டடத்தின் மேற்தளத்தில் தன் தொழிற்சாலையை அமைத்தார். அவருடைய சகோதரர் கைதான் அவ்வூர்த் தபால் அதிபர். மேலே பொதி கட்டிச் சறுக்குக் குழாயில் விட்டால் நேராகக் கீழே தபாலகத்தில் விழும். சுமக்கவும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். பொதி கட்டும் மேசையிலிருந்து தபால் வண்டி வரை உள்ள தூரத்தைக் குறைப்பதும் இலாபம்தான் என்பதை அவர் அப்போதே விளங்கியிருந்தார்.

1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவியது. பெரிய பெரிய நிறுவனங்கள் சரிந்தன. அந்தக் காலத்திலும் இக்குடும்பத்தின் வியாபாரம் வளர்ந்து, 1937இல் வருட விற்பனை 10 இலட்சம் டொலரைத் தாண்டியது. 1951இல் ஃபிரீபோர்ட் கடையை இரவு பகல் என்றில்லாமல் 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தொடங்கினார்கள். நடுச்சாமத்தில் ஊரைக் கடந்து போகும் வேட்டைக்காரர்கள் கதவைத் தட்டுவதே அதற்குக் காரணம். அதன் பின் அக்கடை மூடப்பட்ட சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணலாம்.

பேரன் கைக்கு வந்தபோது

எமது சமூகத்திலும் பார்க்கிறோம். உழைத்துத் தொடங்கியவர் மூப்பானதும் வியாபாரமும் அவரோடு சேர்ந்து மூப்படைகிறது. பீன் விடயத்திலும் அதுவே நடந்தது. எண்பது தொண்ணூறு வயதில் அவருக்கு வியாபாரத்தைப் பெருக்கும் ஆசை இருக்கவில்லை. நாளைக்கு மூன்று வேளை சாப்பிடுகிறேன், நான்காவது வேளை எனக்கு எதற்கு என்ற கருத்தில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். போதும் என்ற மனம் நல்ல குணம்தான். ஆனால் ஒரு மனிதரின் தேவை தீர்ந்தாலும், அந்தக் கடையை நம்பியிருக்கும் மற்றவர்களின் தேவை தீர்வதில்லை.

1960களின் தொடக்கத்தில், கடற்படையில் பணியாற்றிவிட்டு வந்த மகள் வழிப் பேரன் லியோன் கோர்மன் கடையில் சேர்ந்தார். 1967 பெப்ரவரியில் பீன் தமது 94ஆவது வயதில் காலமானார். அவர் மகனும் அதே வருடம் ஒக்டோபரில் காலமானார். 32 வயதுப் பேரன் பொறுப்பேற்றார். அப்போது வருட விற்பனை 50 இலட்சம் டொலருக்கும் குறைவு.

கோர்மன் பாட்டனாரின் வாக்குறுதியில் கை வைக்கவில்லை. அதை நிறைவேற்றும் முறையை மாற்றினார். பழைய கட்டடத்தின் மாடிகளிலும் படிகளிலும் அலைந்து சாமான் சேர்த்த முறைக்குப் பதிலாக, 1974இல் அனுப்பும் வேலைக்கென்றே தனியான பெரிய விநியோக நிலையத்தைக் கட்டினார். வாடிக்கையாளர் விபரங்களைக் கணினிக்கு மாற்றினார். சாமான்களைப் பரீட்சித்த பின்பே பட்டியலில் சேர்த்தார். 2001இல் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகியபோது வருட விற்பனை 100 கோடி டொலருக்கு மேல்.

செரொக்ஸ் கம்பனி வந்து படித்த பாடம்

ஒரு ஓடர் வந்தால் என்ன நடக்க வேண்டும்? ஓடரை வாசிக்க வேண்டும். களஞ்சியத்துக்குள் போய்ச் சாமானைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சரியான சாமான்தானா என்று பார்க்க வேண்டும். கட்ட வேண்டும், விலாசம் எழுத வேண்டும், அனுப்ப வேண்டும். இவற்றில் அதிக நேரமும் கூலியும் தின்னும் வேலை சாமான் பொறுக்குவது. அதிலும் பெரும் பகுதி நடையிலேயே போகிறது. வேலைக்காரப் பையன் வெறும் கையோடு நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் நாம் சம்பளம் கொடுக்கிறோம்.

1982இல் உலகப் புகழ் பெற்ற செரொக்ஸ் கம்பனியின் அதிகாரிகள் ஃபிரீபோர்ட்டுக்கு வந்தார்கள். போட்டோப் பிரதி இயந்திரம் செய்யும் கம்பனிக்குச் சப்பாத்துக் கடையில் என்ன வேலை என்று கேட்கலாம். செரொக்ஸின் களஞ்சியங்களில் சின்ன ஆணியிலிருந்து பெரிய பாகங்கள் வரை பல அளவிலும் வடிவிலும் சாமான்கள் இருந்தன. இயந்திரத்தால் எடுக்க முடியாது, மனிதக் கையால்தான் பொறுக்க வேண்டும். எல்.எல்.பீனிலும் தூண்டில் முள்ளிலிருந்து படகு வரை இருந்தது. அங்கும் கையால்தான் வேலை. ஆயினும் பீனின் வேலையாட்கள் செரொக்ஸ் வேலையாட்களை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சாமான் பொறுக்கிக் கட்டினார்கள். அந்த இரகசியத்தைப் படிக்கவே அவர்கள் வந்தார்கள். பிற நிறுவனத்தின் சிறந்த முறையோடு தன்னை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் முகாமைத்துவ வழிமுறையைப் பற்றிப் படிப்பவர்களுக்கு இன்றும் இந்த உதாரணத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இரகசியம் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. மூன்று எளிய ஒழுங்குகள்தான்.

முதலாவது, அதிகம் விற்கும் சாமான்கள் பொறுக்குபவர் நடக்கும் பாதைக்கு மிக அருகில் இருந்தன. எப்போதாவது விற்பவை தூரத்தில் இருந்தன. நமது கடைகளில் சாமான் வந்த ஒழுங்கிலோ, இடம் கிடைத்த ஒழுங்கிலோ அடுக்குகிறோம். நாளைக்கு முப்பது தடவை எடுக்கும் சாமான் உள் அறையின் மேல் தட்டில் இருக்கும். ஆறு மாதமாக அசையாத சாமான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, ஓடர்களை வந்த வரிசையில் எடுக்கவில்லை. நாள் முழுவதும் அவற்றைப் பிரித்து, ஒரே நடையில் அருகருகே உள்ளவற்றைச் சேர்த்து எடுக்கும்படி ஒழுங்குபடுத்தினார்கள். இருபது ஓடருக்கு இருபது தடவை உள்ளே போகத் தேவையில்லை.

மூன்றாவது, மேலதிகக் கையிருப்பைக் காலியான எந்த இடத்திலும் வைத்தார்கள். ஆனால் எந்தச் சாமான் எந்த இடத்தில் என்பது பதிவில் இருந்தது. 'நானாவுக்குத்தான் தெரியும், நானா தொழுகைக்குப் போயிருக்கிறார்' என்ற நிலை அங்கு இல்லை.

இவை மூன்றுக்கும் முதலீடு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரமும் போதும்.

பிழையான பார்சலின் விலையையும் ஒரு முறை கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு பொருளை 2,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள், அதில் இலாபம் 400 ரூபா. பார்சல் கூலி ஒரு பயணத்துக்கு 400 ரூபா என்று வைப்போம். பையன் அளவு மாறிக் கட்டிவிட்டான். சாமான் திரும்பி வர 400, சரியானதை மீண்டும் அனுப்ப 400. மொத்தம் 800 ரூபா. இந்த ஓடரின் இலாபமும் போய், இன்னொரு ஓடரின் இலாபமும் போகிறது. இரண்டாம் முறை கட்டும் கூலி வேறு. ஆகவே கட்டுவதற்கு முன் இன்னொரு கண் ஒரு நிமிடம் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

வாக்குறுதியின் எல்லை

இப்போது இக்கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். எந்தப் பொருளையும் எந்தக் காலத்திலும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நடைமுறையை இக்குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் காப்பாற்றியது. 2018 பெப்ரவரியில் அதை மாற்றியது. பாட்டனின் பேரனுக்கும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஷோன் கோர்மன் அப்போது தலைவர். வாங்கி ஒரு வருடத்துக்குள், வாங்கியதற்கான அத்தாட்சியோடு வர வேண்டும் என்று எல்லை போடப்பட்டது. அதற்குப் பிறகு வருபவற்றில் உற்பத்திப் பிழை இருந்தால் மட்டும் கவனிக்கப்படும்.

காரணம் என்ன? பல வருடம் பாவித்துக் கிழிந்தவற்றைக் கொண்டு வந்து புதிது கேட்டவர்கள் பெருகினார்கள். வீட்டு முற்றத்தில் விற்கும் பழைய சாமான்களை மலிவாக வாங்கி வந்து முழுப் பணம் கேட்டவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்து மீண்டும் விற்க முடியாமல் அழிக்க வேண்டியிருந்த பொருட்களால் மட்டும் அதற்கு முந்திய ஐந்து வருடங்களில் ஏறக்குறைய 25 கோடி டொலர் நட்டம் என்று கம்பனி அறிவித்தது.

சிலர் இதைப் பார்த்து, 'பார்த்தீர்களா, திருப்பி எடுத்தால் இப்படித்தான் நடக்கும்' என்று சொல்லக்கூடும். நான் அப்படி எடுக்கவில்லை. நூறு வருடமாக அந்த வாக்குறுதி அவர்களுக்குச் சோறு போட்டது. பிழை, எல்லையும் அத்தாட்சியும் இல்லாமல் விட்டதில்தான் இருந்தது. நேர்மையான வாடிக்கையாளருக்குக் கொடுத்த உரிமையை நேர்மையற்றவர் சுரண்ட இடம் விட்டால், கடைசியில் நேர்மையானவருக்குரிய உரிமையும் குறைந்து போகிறது. வாக்குறுதி கொடுப்பவர் எல்லையையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001இல் கோர்மன் விலகியபோது, குடும்பத்தைச் சாராத ஒருவரிடம் முதன்முறையாக நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1983இலிருந்து அங்கேயே வேலை செய்து உயர்ந்தவர். உடைமை குடும்பத்திடமே இருந்தது, இன்றும் இருக்கிறது. யாருக்குப் பங்கு, யாருக்குப் பதவி என்ற இரண்டையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்த்தார்கள். முதலாளியின் மகன் என்பதற்காக நிர்வாகம் தெரிந்தவராகி விடமாட்டார். நிர்வாகம் தெரிந்தவர் வெளியாள் என்பதற்காக அந்நியராகி விடவும் மாட்டார்.

இதே துறையில் இவர்களை விடப் பன்மடங்கு பெரியவர்கள் இருந்தார்கள். 1872இல் ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு சிக்காகோவில் தொடங்கிய மொன்கொமரி வார்ட் 1985இல் தபால் விற்பனைப் பட்டியலை நிறுத்தி, 2001இல் கடைகளையும் மூடியது. சியர்ஸ் கம்பனி தன் புகழ் பெற்ற பெரிய பட்டியலை 1993இல் நிறுத்தியது. இரண்டு வருடம் கழித்து அமேசன் இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. சியர்ஸ் 2018இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. சிற்றூர்ச் சப்பாத்துக் கடையோ இணையத்துக்கும் மாறி இன்றும் நிற்கிறது.

நமது மார்க்கத்தில் இருப்பது

இதையெல்லாம் அமெரிக்கக்காரரிடம் போய்த்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. வாங்கியதையிட்டு வருந்தி வருபவரின் கொடுக்கல் வாங்கலை முறித்துக் கொடுப்பதற்கு மார்க்கத்தில் 'இகாலா' என்று பெயர். அப்படிச் செய்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இது விற்பவர் செய்யும் நன்மை. பழுதை மறைத்து விற்ற பொருள் விடயத்தில் திருப்பிக் கொடுப்பது வாங்கியவரின் உரிமை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்கள், அதை மேலே மக்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தைக் குத்பாக்களில் எத்தனை தரம் கேட்டிருப்போம்? நமது தொலைபேசிப் படத்தில் குவியலின் மேல் பக்கம் மட்டும்தானே தெரிகிறது?

பார்க்காத பொருளை விற்பது பற்றியும், முன்பணம் வாங்கிப் பின்னர் கொடுக்கும் 'ஸலம்' முறை பற்றியும் பிக்ஹ் நூல்களில் விரிவான சட்டங்கள் உள்ளன. முற்பணம் பெற்று விற்பவர் அளவும் நிறையும் தவணையும் அறியப்பட்டதாக வைக்க வேண்டும் என்பது மதீனாவிலேயே போடப்பட்ட ஒழுங்கு. பார்சல் வியாபாரம் செய்பவர்கள் தமது முறையைச் சொல்லி உலமாக்களிடம் ஒரு தடவை விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.

நடைமுறையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். துணியென்றால் நீளம், அகலம், நூல் வகை, சாயம் போகுமா போகாதா என்பதை எழுதுங்கள். குறையிருந்தால் குறையையும் படம் எடுத்துப் போடுங்கள். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், எந்த அத்தாட்சியோடு திருப்பி எடுப்பீர்கள், பார்சல் கூலி யாருடையது என்பதைப் பணம் வாங்க முன்பே சொல்லுங்கள். திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு கொப்பியில் குறியுங்கள். ஒரே காரணம் மூன்று தரம் வந்தால், வாடிக்கையாளரோடு வாதாடுவதை விட்டுவிட்டுச் சாமானை விநியோகித்தவரிடம் போங்கள். பீன் இறப்பர் கம்பனியிடம் போனது போல.

எங்கள் ஹாஜியாரின் கதை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டேன். பலகையைக் கழற்றிய அன்றே வாப்பா நல்ல சாரமாகப் பார்த்து இரண்டு டசின் எடுத்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் வைத்து, லொறியில் அனுப்பினார். பணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஸலாம் சொல்லி, துஆ செய்து, அந்த இரண்டு டசினுக்கும் உரிய பணத்தையும் அனுப்பியிருந்தார். ஓடர் மட்டும் கடைசி வரை வரவில்லை.

பீன் திருப்பிக் கொடுத்தது அன்றே. நாங்கள் கொடுக்கப் போனது சில மாதங்கள் கழித்து. அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக.